ஆசிட் ஊத்தியும் கரையாத சுண்ணாம்பு: ஜிப்சம் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவிடமிருந்து போன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"டேய், நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே? ஆசிட் ஊத்தியும் போவாத சுண்ணாம்பு எங்கனா உண்டா?"

அவருக்கு ஓரிக்கை தாண்டி, பாலாற்றங்கரையை ஒட்டி நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் சொட்டுநீரில் தர்பூசணி, இன்னொரு பக்கம் வேர்க்கடலை (எங்க பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை). தர்பூசணி பிஞ்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். வரிசைக் கடைசியில் இருந்த செடிகள் வாடத் தொடங்கியிருந்தன. போய்ப் பார்த்தால் டிரிப்பர் ஓட்டைகளில் வெள்ளையாக ஏதோ அடைத்திருக்கிறது. தெரிந்தவர்கள் சொன்னபடி இரண்டு தடவை ஆசிட் விட்டுப் பார்த்திருக்கிறார். அடைப்பு அப்படியே இருந்தது. "இன்னும் ஜாஸ்தி ஊத்தட்டுமா?" என்பதுதான் அவருடைய அசல் கேள்வி.

"இருங்க, வரேன். அதுவரைக்கும் எதையும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்ததையும், அதற்காகத் திரும்பப் புரட்டிய வேதியியலையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு நேரடியாகவே பயன்படும். மற்றவர்களுக்கும், "அமிலம் எதையும் கரைக்கும்" என்று நம்மில் பலரும் வைத்திருக்கும் ஒரு நம்பிக்கை எங்கே உடைகிறது என்று தெரியவரும்.

நகமும் வினிகரும்

அடைத்திருந்த வெள்ளைப் பொருளைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தோம். ஃபில்டர் மூடியின் உட்புறம் நல்ல தடிமனான செதில் ஒன்று கிடைத்தது. அதை நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. வினிகரில் போட்டேன். ஒரு குமிழி கூட வரவில்லை. பக்கத்திலேயே ஒரு முட்டை ஓட்டுத் துண்டையும் போட்டேன். அது நுரைத்துக்கொண்டு பொங்கியது.

இந்த இரண்டு சோதனையுமே பழையவை, நம்பகமானவை. கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, கிளிஞ்சல், கெட்டில் அடியில் படியும் உப்பு எல்லாம் இதுதான்) கடினத்தன்மை அளவில் 3. நம் நகம் இரண்டரையை ஒட்டி. ஜிப்சம் 2. ஆகவே நகம் கீறினால் அது ஜிப்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். அமிலத்தில் நுரைத்தால் கார்பனேட், நுரைக்காவிட்டால் வேறு ஏதோ. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட்டும் அதோடு கட்டுண்ட இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளும். நமக்குப் புதிய ஆள் இல்லை. சித்த மருத்துவத்தில் கற்பூரச் சிலாசத்து என்று வருவது இதுதான். பெரம்பலூர் பக்கம் காரையில், கடல் வற்றிப்போன பழைய களிமண் மேடுகளில், கண்ணாடிச் சில்லு போல வெயிலில் மின்னிக்கொண்டு கிடப்பதும் இதுதான். இதை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதைத் தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றினால் மறுபடியும் ஜிப்சம். நம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். வீட்டில் பழைய சாக்பீஸ் இருந்தால் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சும்மா ஊறிக்கொண்டு கிடக்கும். (தூசி பறக்காத வகைச் சாக்பீஸ்களில் பல கார்பனேட்டால் ஆனவை. அவை நுரைக்கும்.)

அமிலம் ஏன் ஒன்றைத் தின்கிறது, இன்னொன்றைத் தொடுவதில்லை?

கார்பனேட்டும் சல்ஃபேட்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான். இரண்டுமே இரட்டை எதிர்மின் சுமை கொண்டவை, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கல் ஆகிறவை. ஆனால் அமிலத்தின் முன்னால் இரண்டின் குணமும் வேறு.

அமிலம் என்றால் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கார்பனேட் இந்த ஹைட்ரஜனைக் கண்டால் விடாது. ஒன்றைப் பிடித்து பைகார்பனேட் ஆகும், இன்னொன்றையும் பிடித்து கார்பானிக் அமிலமாகும், அது உடைந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். வாயுவாக ஊரை விட்டே போனவன் திரும்பி வந்து கல்லாக மாட்டான். அதனால் அமிலம் இருக்கும்வரை கல் கரைந்துகொண்டே இருக்கும். அதுவும் இதற்குக் கடுமையான அமிலம்கூட வேண்டாம். பி.ஹெச் ஆறு, ஐந்து என்று இறங்கினாலே வேலை நடக்கும்.

சல்ஃபேட்டுக்கு ஹைட்ரஜன் மேல் அவ்வளவு ஆசை கிடையாது. அது கந்தக அமிலம் என்ற வலுவான அமிலத்தின் குழந்தை. ஒரே ஒரு ஹைட்ரஜனைப் பிடித்து பைசல்ஃபேட் ஆகும், அதுவும் வேண்டாவெறுப்பாக. கணக்கு இப்படி: பி.ஹெச் 2 ஆனால்தான் சல்ஃபேட்டில் பாதி பைசல்ஃபேட் ஆகும். பி.ஹெச் 3-ல் 100-க்கு 9. பி.ஹெச் 4-ல் 100-க்கு 1. சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விடும்போது தண்ணீரின் பி.ஹெச்சை 4 பக்கம் கொண்டுவருவதுதான் வழக்கம். அதாவது பெரியப்பா விட்ட ஆசிட், நூறு சல்ஃபேட்டில் ஒன்றைத்தான் அசைத்திருக்கும். மிச்சம் தொண்ணூற்று ஒன்பதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்த ஒன்றும்கூட வாயுவாகப் போய்விடுவதில்லை. கரைசலிலேயே நிற்கிறது, வேளை வந்தால் திரும்பிச் சேர்ந்துகொள்ளும்.

சரி, அமிலத்தை ஏற்றிக்கொண்டே போனால்? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஜிப்சம் கரையத்தான் செய்யும். பரிசோதனைக் கூடத்தில் சூடான நீர்த்த அமிலத்தில் கரைத்தே எடுக்கிறார்கள். ஆனால் அந்த "நீர்த்த" என்பது, கடையில் விற்கும் அடர் அமிலத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அளவு. பி.ஹெச் கிட்டத்தட்ட பூஜ்யம். அதை விட்டால் முதலில் கரைவது வால்வும் ஃபிட்டிங்கும்தான், அதற்கப்புறம் வேர். ஜிப்சத்தின் முறை வருவதற்குள் தர்பூசணி போய்ச் சேர்ந்திருக்கும்.

கந்தக அமிலம் ஊற்றினால் இன்னும் மோசம். அதில் ஹைட்ரஜனோடு சல்ஃபேட்டும் சேர்ந்தே வருகிறது. கரைய வேண்டிய பொருளையே கரைப்பானாக ஊற்றுகிற கதை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதால், சாதாரண வெப்பநிலையில் கரைதிறன் சொல்லிக்கொள்ளும்படி ஏறுவதே இல்லை.

இதற்குப் பெரிய சாட்சி நம்ம ஊரிலேயே உண்டு. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் உரத்துக்காக பாஸ்பாரிக் அமிலம் செய்த ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை பாஸ்பேட்டில் கந்தக அமிலத்தை ஊற்றி, பொதுவாக 70 முதல் 80 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். அந்தக் கடும் அமிலக் குழம்புக்குள்ளேயே ஜிப்சம் படிகமாகப் பிறக்கிறது. அதை வடிகட்டித்தான் அமிலத்தைத் தனியாக எடுக்கிறார்கள். ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்குச் சுமார் 5 டன் ஜிப்சம் கழிவாக வரும். பாஸ்போ ஜிப்சம் என்று மலை மாதிரி குவிந்திருப்பது அதுதான். அமிலம் ஜிப்சத்தைக் கரைக்கும் என்றால் இந்தத் தொழிலே நடந்திருக்காது.

அப்படியானால் எதில்தான் கரையும்?

தண்ணீரிலேயே கரையும், கொஞ்சமாக. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2.4 கிராம் ஜிப்சம். கால்சியம் கார்பனேட்டோடு ஒப்பிட்டால் (காற்று படாத சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராமைக்கூட எட்டாது) இது நூறு மடங்குக்கும் மேல். உப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 50 கிலோ மூட்டை ஒன்றைக் கரைக்க ஏறத்தாழ 21,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றே முக்கால்.

இந்த 2.4 கிராமை ஏற்றவும் இறக்கவும் செய்வது, கூடவே கரைந்திருக்கும் மற்ற உப்புகள். அமிலத்தைவிட இவற்றின் கை ஓங்கியது.

முதலில் ஏற்றுகிற உப்பு. சாதாரணச் சமையல் உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதில் ஜிப்சத்தைக் கரைத்துப் பாருங்கள். லிட்டருக்கு நூறு நூற்றைம்பது கிராம் உப்பு இருக்கும்போது, வெறும் தண்ணீரில் கரைவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஜிப்சம் கரையும். உப்பில் கால்சியமும் இல்லை, சல்ஃபேட்டும் இல்லை. ஆனாலும் கரைய வைக்கிறது. எப்படி?

வைகாசியில் காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அண்ணனும் தம்பியும் கூட்டத்தில் பிரிந்துவிட்டால், இருவரும் பத்தடி தூரத்தில் நின்றாலும் சேர முடியாது. ஒவ்வொருவரைச் சுற்றியும் வேறு ஆட்கள். உப்புக் கரைசலிலும் அதேதான். ஒவ்வொரு கால்சியத்தைச் சுற்றியும் குளோரைடு கூட்டம், ஒவ்வொரு சல்ஃபேட்டைச் சுற்றியும் சோடியம் கூட்டம். ஒன்றின் இழுப்பு மற்றொன்றுக்கு எட்டுவதில்லை. சேர்ந்து கல்லாவது கடினமாகிறது, அதனால் அதிகம் கரைந்தே நிற்கிறது. இந்தக் கூட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் டிபையும் ஹக்கலும், 1923-ல்.

ஆனால் உப்பை ஏற்றிக்கொண்டே போனால் இது தொடராது. ஒரு கட்டத்துக்கு மேல் சோடியமும் குளோரைடும் தண்ணீர் மூலக்கூறுகளையே வளைத்துப் போட்டுக்கொள்கின்றன. மற்றவற்றைக் கரைத்து வைக்கச் சும்மா இருக்கும் தண்ணீர் குறைந்துவிடும். அதனால் ஜிப்சத்தின் கரைதிறன் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கும்.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 0.4 கிராம் கால்சியம், 2.7 கிராம் சல்ஃபேட். இரண்டின் செறிவையும் மோல் கணக்கில் பெருக்கினால், வெறும் தண்ணீரில் ஜிப்சம் இனி கரையாது என்ற நிலையில் வரும் பெருக்குத்தொகையைவிட அதிகமாக வரும். அந்தக் கணக்குப்படி கடலில் ஜிப்சம் படிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் படிவதில்லை. உண்மையில் கடல்நீர் ஜிப்சத்தைப் பொறுத்தவரை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நிறைந்திருக்கிறது. மிச்சத்தைத் தாங்குவது உப்புக் கூட்டம்.

கேளம்பாக்கத்திலோ மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தைப் பார்த்தால் இதன் அடுத்த காட்சி தெரியும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற வைக்கிறார்கள். அடர்த்தியை பாமே டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரி. அது கால் பங்குக்கும் கீழே வற்றி 13 டிகிரியைத் தாண்டும்போதுதான் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியில் உப்பு விழ ஆரம்பிப்பதற்குள் ஜிப்சத்தில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். அதனால்தான் இடைப் பாத்திகளின் தரையில் ஜிப்சம் கட்டியாக இருக்கும், கடைசிப் பாத்தியில் உப்பு வெள்ளையாக இருக்கும். இந்த வரிசை தவறினால் சாப்பாட்டு உப்பில் ஜிப்சம் கலந்துவிடும்.

இனி இறக்குகிற உப்பு. கூட்டத்தில் வேற்று ஆட்கள் இல்லாமல், தம்பியைப் போலவே இன்னும் பத்து தம்பிகள் இருந்தால்? அண்ணன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவன் கையில் சிக்குவான். கரைசலில் ஏற்கெனவே சல்ஃபேட் இருந்தால் (அம்மோனியம் சல்ஃபேட், பொட்டாசியம் சல்ஃபேட், மெக்னீசியம் சல்ஃபேட்) அல்லது ஏற்கெனவே கால்சியம் இருந்தால் (கால்சியம் நைட்ரேட், கால்சியம் குளோரைடு), ஜிப்சம் கரைவது சட்டென்று குறையும். பொது அயனி விளைவு என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது இதுதான்.

ஆக, ஒரு அமில உப்புக் கரைசலில் ஜிப்சம் கரையுமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்கும் கேள்வி பி.ஹெச் என்ன என்பதல்ல. "அதுல என்ன உப்பு இருக்கு?" என்பதுதான். குளோரைடா, நைட்ரேட்டா, சல்ஃபேட்டா? பி.ஹெச் 2-க்குக் கீழே போகாதவரை அமிலம் இரண்டாம் பட்சம்.

டிரம்மில் நடந்தது

பெரியப்பாவிடம் அதையேதான் கேட்டேன். "டிரிப்ல என்னென்ன உரம் விட்டீங்க?"

"கால்சியம் நைட்ரேட்டு. காய் அடி அழுவாம இருக்கணும்ல. அப்புறம் பொட்டாஷ், அந்த 0-0-50."

"தனித்தனியாவா?"

"தினம் ரெண்டு வாட்டி மோட்டார் போட்டு நிக்க யாரால முடியும்? ஒரே டிரம்லதான். அடைக்கக் கூடாதுன்னு கொஞ்சம் ஆசிட்டும் ஊத்தினேன். கலக்கும்போது தண்ணி பளிங்கு மாதிரி தெளிவாதான்டா இருந்துச்சு!"

0-0-50 என்றால் பொட்டாசியம் சல்ஃபேட். 200 லிட்டர் டிரம்மில் இரண்டு கிலோ கால்சியம் நைட்ரேட், இரண்டு கிலோ பொட்டாசியம் சல்ஃபேட். கணக்குப் போட்டுப் பாருங்கள். உரத் தரக் கால்சியம் நைட்ரேட்டில் நூற்றுக்கு 19 பங்கு கால்சியம், அதாவது இரண்டு கிலோவில் 380 கிராம். அது முழுவதும் ஜிப்சமானால் 1.6 கிலோ வரும். 200 லிட்டர் வெறும் தண்ணீர் தாங்குவதோ அரை கிலோவுக்கும் கீழே. மற்ற உப்புகளின் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கினாலும், ஒரு கிலோவை ஒட்டி ஜிப்சம் வெளியே வந்தே தீரும். காசு கொடுத்து வாங்கிய இரண்டு உரத்தை ஒன்றாகக் கலந்து, குழாய்க்குள்ளேயே ஜிப்சம் ஆலை ஒன்றை நடத்தியிருக்கிறார்.

அப்புறம் ஏன் தண்ணீர் தெளிவாக இருந்தது? ஏமாற்றுவது இந்த இடம்தான். ஜிப்சம் அளவுக்கு மீறிக் கரைந்திருந்தாலும் உடனே படியாது. முதல் படிகத் துகள் உருவாகச் சிறிது நேரம் எடுக்கும். அளவு எவ்வளவு மீறியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம். சில நிமிடமோ, சில மணி நேரமோ தெளிவாகவே நின்றுவிட்டுப் பிறகு ஊசி ஊசியாக வளரும். கலக்கிய உடனே வெஞ்சுரியைத் திறந்துவிட்டால், டிரம்மில் தெளிவு, குழாயில் கல். டிரிப்பர் வாயில் தண்ணீர் ஆவியாகும் இடத்தில் செறிவு இன்னும் ஏறுவதால் அங்கேதான் முதலில் கெட்டிப்படும்.

அவர் ஊற்றிய ஆசிட் இதில் எந்த உதவியும் செய்யவில்லை. கார்பனேட் படிவதை அது நிச்சயம் தடுத்திருக்கும். வந்ததோ கார்பனேட் இல்லை.

அடைப்பை எடுத்த விதம்

அமிலம் நேராக வேலை செய்யாத இடத்தில் சுற்று வழி ஒன்று உண்டு. ஜிப்சத்தை முதலில் கார்பனேட்டாக மாற்றுவது, பிறகு அமிலம் விடுவது. சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கரைசலில் ஜிப்சத்தை ஊற வைத்தால், கால்சியம் சல்ஃபேட்டைக் கைவிட்டுக் கார்பனேட்டோடு சேர்ந்துவிடும். கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கம் ஜிப்சத்துடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது என்பதால் இந்த மாற்றம் தானாகவே நடக்கும். சல்ஃபேட் தண்ணீரோடு கழுவிப் போய்விடும். மிஞ்சுவது நல்ல பிள்ளையாக அமிலத்தில் நுரைக்கும்.

எண்ணெய்க் கிணறுகளில் ஜிப்சம் படிவத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்துவதுண்டு. நாங்கள் செய்தது சின்ன அளவில். லேட்டரல் குழாய்களை நிலத்திலிருந்து கழற்றி, சுருட்டி, 100 லிட்டருக்கு 5 கிலோ சோடா கரைத்த டிரம்மில் ஒரு இரவு முழுக்க ஊற வைத்தோம். காலையில் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். இந்த முறை நுரைத்தது. பெரியப்பா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

எல்லாக் குழாயும் பிழைக்கவில்லை. படலம் மெல்லியதாக இருந்தவை திறந்துகொண்டன, பாதிக்கு மேல். முழுக்க அடைத்திருந்தவற்றுக்குள் சோடாத் தண்ணீரே நுழையவில்லை. மேலே கார்பனேட் தோல் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஜிப்சம் மாறுவதும் மெதுவாகிவிடும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டியதாயிற்று. அந்த நான்கு நாளும் தர்பூசணிக்கு ஹோஸ் பிடித்துத்தான் தண்ணீர் விட்டார். கடைசி வரிசைகளில் கொஞ்சம் பிஞ்சு உதிர்ந்தது. மற்றதைக் காப்பாற்றிவிட்டார்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. சோடாக் கரைசலை நிலத்தில் விடக்கூடாது, சோடியம் மண்ணைக் கெடுக்கும். சோடா இருக்கும்போதே ஆசிட் ஊற்றக்கூடாது, பொங்கி முகத்தில் அடிக்கும், ஆசிட்டும் வீண். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். குழாய் கழுவப் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துகிறவர்கள் அதையும் ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. கால்சியம் உள்ள உரத்தையும் சல்ஃபேட் உள்ள உரத்தையும் ஒரே டிரம்மில் போடாதீர்கள். (பாஸ்பேட் உரத்தையும் கால்சியத்தோடு சேர்க்கக் கூடாது, அது வேறு வகைக் கல்.) வெவ்வேறு நாளில் விடுங்கள், நடுவில் வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். சந்தேகம் வந்தால் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து, மறுநாள் வரை வைத்துப் பாருங்கள். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுத் தெளிவாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

மல்லாட்டைக்கு ஜிப்சம்

கிளம்பும்போது பெரியப்பா இன்னொரு கேள்வி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடணும். அது மண்ணில் கரையாமல் வெள்ளையாகவே கிடக்கிறது. "அதையும் ஆசிட்ல கரைச்சு விட்டா சீக்கிரம் புடிக்காதா?"

இவ்வளவு நேரம் ஜிப்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், அதன் நல்ல குணத்தைப் பார்க்க வேண்டிய இடம் இது. வேர்க்கடலைக் காய் தனக்குத் தேவையான கால்சியத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுற்றியுள்ள ஈரத்திலிருந்து நேராக உறிஞ்சுகின்றன. அந்த இடத்தில் கால்சியம் இல்லையென்றால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 40 முதல் 45-ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது.

ஏன் சுண்ணாம்பு போடக் கூடாது? கார உப்பு உள்ள அல்லது நடுநிலையான மண்ணில் சுண்ணாம்பு கரையாது, அது அமிலத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஜிப்சத்துக்கு அமிலம் தேவையே இல்லை. எந்த பி.ஹெச்சிலும் தன் 2.4 கிராமைக் கொடுத்துவிடும். குழாயில் நமக்கு எரிச்சல் மூட்டிய அதே குணம், வயலில் வரமாகிறது.

இனி கணக்கு. ஹெக்டேருக்கு 400 கிலோ என்றால் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ. அதை முழுதாகக் கரைக்க 67,000 லிட்டர் தண்ணீர். பயங்கரமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அது 40,000 லிட்டர். ஆக, ஏக்கர் முழுக்க ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தண்ணீர் போதும். ஒரு நல்ல மழை, அல்லது ஒரே ஒரு பாய்ச்சல். ஒரே நாளில் எல்லாம் கரைந்துவிடாது, கட்டியாக இருந்தால் இன்னும் மெதுவாகும். அதுவும் நல்லதே. காய் பிடிக்கும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் கிடைக்கும்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப தூள் பண்ணி, செடி ஓரமா கையால தூவி, மண்ண அணைச்சுத் தண்ணி கட்டினா போதும்ன்ற."

"அவ்ளோதான் பெரியப்பா."

"எங்கப்பாவும் அப்டிதான்டா பண்ணாரு" என்றார்.

ஆசிட் கேன் இன்னும் மோட்டார் ரூம் மூலையில் இருக்கிறது. அதன் மேல் சாக்பீஸால் "நுரைச்சா மட்டும்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.